காலியாக வைத்த தட்டு

எதிர் வீட்டு அக்காவின் மகன் போலந்து நாட்டில் கிராக்கோவ் நகரத்தில் படிக்கிறான். போன வருஷம் டிசம்பர் 24-ம் தேதி, கேக்குக்கு மாவு கலக்கும்போதே அக்கா கண்ணைத் துடைத்துக் கொண்டிருந்தாள். "பண்டிகை நாளும் அதுவுமா புள்ள தனியா என்னத்த சாப்பிடுறானோ" என்று ஒரே புலம்பல். மறுநாள் அவன் போனில் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

அங்கே பெரிய விருந்து 24-ம் தேதி ராத்திரிதானாம். விகிலியா என்று பெயர். பகலில் அரை வயிறுதான். குளிர்காலம் ஆனதால் 4 மணிக்கே இருட்டிவிடும். பிள்ளைகள் ஜன்னலில் நின்று, வானத்தில் முதல் நட்சத்திரம் வந்துவிட்டதா என்று பார்ப்பார்களாம். அதன் பிறகுதான் பந்தி. நாம் சங்கடஹர சதுர்த்திக்கு நிலாவைப் பார்த்துவிட்டு விரதம் முடிக்கிறோமே, அது மாதிரி!

கிறிஸ்துமஸ் என்றால் பிரியாணி என்றுதான் எனக்குத் தெரியும். அங்கே அன்றைக்குக் கறியே ஆகாது. மீன் மட்டும் உண்டு. ஆனாலும் 12 வகை சமைப்பார்கள். இயேசுவின் 12 சீடர்கள் கணக்காம். பீட்ரூட் சூப், அதில் மிதக்கிற காளான் பூரணம் வைத்த குட்டிக் கொழுக்கட்டை, பியெரோகி (இதுவும் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கைதான், கொஞ்சம் பெரிசு), கசகசா போட்ட இனிப்பு, உலர்ந்த பழங்களை வேகவைத்த சாறு... எல்லாவற்றிலும் ஒரு வாயாவது சாப்பிட வேண்டுமாம். முக்கியமானது கெண்டை மீன். முன்பெல்லாம் உயிரோடு வாங்கி வந்து குளியல் தொட்டியில் விட்டு வைப்பார்களாம். பிள்ளைகள் அதோடு விளையாடிப் பழகிவிட்டு, வெட்டும்போது அழுமாம். அந்த மீன் செதிலைப் பர்ஸில் வைத்தால் வருஷம் முழுக்கக் காசு தங்கும் என்று ஒரு நம்பிக்கை. (மாதக் கடைசியில் என் பர்ஸுக்கு ஒரு கூடை செதில் வேண்டும்!)

இயேசு தொழுவத்தில் பிறந்ததை நினைத்து மேஜை விரிப்புக்கு அடியில் வைக்கோல் வைப்பார்கள். அப்பளம் மாதிரி மெல்லிசான ஒப்வாத்தெக் என்ற ஒன்றை ஒருவர் கையில் இருப்பதை இன்னொருவர் ஒடித்துச் சாப்பிட்டு, வாழ்த்துச் சொல்லிக் கொள்வார்கள்.

இதைவிட என் மனதில் நின்றது வேறு. மேஜையில் ஆள் கணக்குக்கு மேலே ஒரு தட்டு வைப்பார்கள். நாற்காலியும் போட்டிருக்கும். சொல்லாமல் யாராவது வந்தால் அவருக்கு. செத்துப் போனவர்கள் நினைவுக்கு என்றும் சொல்வார்களாம். முக்கால்வாசி வருஷம் அது காலியாகவே இருக்கும்.

அன்று நம் பையன் கோழிக் குழம்பு வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறான். கீழ் வீட்டுப் பாட்டி மாடி ஏறி வந்து கதவைத் தட்டியிருக்கிறார். அவர்கள் ஐந்து பேர். ஒற்றைப்படையில் பந்தியில் உட்காரக் கூடாதாம். "வா" என்று கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று இவன் குழம்புச் சட்டியைத் தூக்க, பாட்டி பதறி, வேண்டாம் என்று சைகை காட்டினாராம். கடைசியில், அக்கா அனுப்பியிருந்த முறுக்குப் பொட்டலத்தோடு போயிருக்கிறான்.

அந்தக் காலித் தட்டில்தான் அவனுக்குப் பரிமாறினார்கள். அவன் உட்கார்ந்ததும் பாட்டி இன்னொரு தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாராம்.

இதைச் சொல்லும்போது அக்காவுக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு மட்டும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான், சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்துக்கு வந்த என் நாத்தனாரைப் பார்த்து முகத்தைச் சுளித்திருந்தேன்.

இந்த வருஷம் அக்கா முறுக்கு சுடும்போது நானும் கூடப் போய்ப் பிழிந்து கொடுத்தேன். இரண்டு பொட்டலம் போகிறது. ஒன்று பாட்டிக்கு, காரம் குறைவாக.

- ஒரு வாசகி, திண்டுக்கல்