எல்லையோர ஊரும் வட்டப் படமும்

பாறசாலை பக்கம் போனவர்களுக்குக் குன்னத்துகால் தெரியும். நெய்யாற்றின்கரை தாலுகாவில், குமரி மாவட்டத்தை ஒட்டிய ஊர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லை வகுத்தபோது பெரிதும் பேசப்பட்டது தாலுகாவாரி மொழிக் கணக்கு. அத்தகைய கணக்கைப் படமாக வரையும்போது எது தெரிகிறது, எது மறைகிறது?

2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் மலையாளத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 97 சதவீதம். தமிழைச் சொன்னவர்கள் சுமார் 1.5 சதவீதம், அதாவது 5 லட்சம் பேர். வட்டப் படத்தில் இவர்களுக்கு 360 பாகையில் ஐந்தரை பாகைதான் இடம். பல சமயம் அந்தக் கீற்றும் 'பிற மொழிகள்' என்பதற்குள் அடங்கிவிடும். கணக்கில் பொய்யில்லை, ஆனால் 5 லட்சம் பேர் கண்ணுக்குப் படவில்லை!

அதையே தாலுகாவுக்கு ஒரு பட்டையாக வரையுங்கள். தேவிகுளம், சித்தூர் போன்ற இடங்களில் தமிழ்ப் பட்டை உயர்ந்து நிற்கும். தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு. தமிழ் வகுப்பு எங்கே தேவை என்று கேட்பவருக்கு உதவுவது இந்தப் படமே.

பட்டைப் படத்தை 1786-லும் வட்டப் படத்தை 1801-லும் வெளியிட்டவர் ஒருவரே: ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர். கோணத்தைவிட நீளத்தையே நம் கண் சரியாக அளக்கிறது என்று 1984-இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இருவர் சோதித்துக் காட்டினார்கள். 2011-இல் இந்தியாவில் மராத்தி 6.86, தெலுங்கு 6.70, தமிழ் 5.70 சதவீதம். வட்டத்தில் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். பட்டையில் வரிசை தெளிவாகும்.

வட்டம் கூடவே கூடாதா? இரண்டு மூன்று பிரிவுகள், ஒவ்வொருவரும் ஒரே பிரிவில், கூட்டினால் நூறு என்றால் தாராளமாக வரையலாம். ஆனால் "வீட்டில் என்னென்ன மொழி பேசுகிறீர்கள்?" என்று கேட்டால் எல்லையோரக் குடும்பங்கள் இரண்டு மொழி சொல்லும், கூட்டுத்தொகை நூறைத் தாண்டும். அங்கே பட்டைதான் பொருந்தும். பட்டைகள் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். வயதுப் பிரிவுகளை வயது வரிசையிலும், மொழி போன்றவற்றைப் பெரியதிலிருந்து சிறியதாகவும் அடுக்க வேண்டும். மொழிகளைக் கோட்டால் இணைக்கக் கூடாது. ஒரு மொழி வளர்ந்து இன்னொன்றாவதில்லையே!

நம் சங்கங்களும் குடும்பக் கணக்கு எடுக்கின்றன. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள், பேச மட்டும் தெரிந்தவர்கள், இரண்டும் தெரியாதவர்கள் என்று பகுதிவாரியாகப் பட்டை வரைந்து பொதுக்குழுவில் வையுங்கள். அடுத்த தமிழ் வகுப்பை எங்கே தொடங்குவது என்பதை அந்தப் படமே சொல்லும்.