கரிக்குள் குடியேறியவை

ஜெர்மனியின் ரூர் ஆற்றங்கரையில் மூல்ஹைம் என்றொரு ஊர். அங்குள்ள டோனே குடிநீர் நிலையத்தில், எடுத்த எடுப்பிலேயே ஆற்றுநீரில் குளோரினைக் கலந்துவந்தார்கள். நீரில் அம்மோனியா மிகுதி. அதைப் போக்கவே ஏராளமான குளோரின் செலவானது. இலைதழை மக்கிய பொருள்களோடு குளோரின் சேர்ந்தால் குளோரோஃபார்ம் உண்டாகும் என்பதும் 1974-இல் தெரியவந்தது. 1977-இல் டோனே நிலையம் ஓசோனுக்கு மாறியது.

ஓசோனுக்குப் பின்னால் இருந்தது கிளர்வூட்டிய கரிப் படுகை. ஒரு கிராம் கரியின் நுண்துளைச் சுவர்களை விரித்துப்போட முடிந்தால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். கரிமப் பொருள்கள் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். இடம் நிரம்பியதும் கரியை உலையிலிட்டு மீட்டெடுக்க வேண்டும்.

மக்கிய இலைகளால் வெளிர்தேநீர் நிறமேறிய நீரை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அடியிலிருந்து ஓசோனைக் குமிழிகளாக விட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் வெளுக்கும். ஆனால் நீரிலுள்ள மொத்தக் கரிமத்தை அளந்தால் பெரிதாகக் குறைந்திருக்காது! பெரிய மூலக்கூறுகள் ஃபார்மால்டிஹைடு, ஆக்ஸாலிக் அமிலம் போன்ற சிறு துண்டுகளாக உடைந்திருக்கும், அவ்வளவே. இந்தத் துண்டுகளுக்கு நீரோடுதான் உறவு அதிகம். கரியில் சரியாக ஒட்டாது. அப்படியானால் ஓசோன் கரியின் வேலையைக் கெடுக்கிறது என்றுதானே சொல்லத் தோன்றும்? கரியை வெறும் ஒட்டுப்பரப்பாக மட்டும் பார்த்தால் அது சரிதான்.

கரியில் உயிர்கள் இருக்கின்றன. கரியால் பிடிக்க முடியாத அந்தத் துண்டுகள் பாக்டீரியாவுக்குப் பக்குவமான உணவு. பழைய பெரிய மூலக்கூறுகளை அவற்றால் எளிதில் தின்ன முடியாது. ஓசோன் நறுக்கிக் கொடுத்துவிடுகிறது. தான் சிதையும்போது சுவாசிக்க ஆக்சிஜனையும் தருகிறது. மிச்ச ஓசோன் படுகையின் மேல்பகுதியிலேயே கரியோடு வினைபுரிந்து தீர்ந்துபோவதால், கீழே இருப்பவற்றுக்கு ஆபத்தில்லை. முன்னே குளோரின் வராததும் அவற்றுக்குப் பெரிய நிம்மதி. கரித்துணுக்கின் சொரசொரப்பான பள்ளங்களில் படலமாகப் படிந்து, கரிமத்தைத் தின்று கார்பன் டை ஆக்சைடாக்குகின்றன. அம்மோனியாவை வேறு வகை பாக்டீரியா நைட்ரேட்டாக்குகிறது. இப்படி ஒட்டுப்பரப்பு நிரம்பிய பிறகும் படுகை உழைக்கிறது. மூல்ஹைமில் கரியை அடிக்கடி உலைக்கு அனுப்ப வேண்டிய தேவை வெகுவாகக் குறைந்தது.

இந்த வரிசை மாறக்கூடாது. ஓசோன் இட்ட நீரைக் கரியில் செலுத்தாமல் நேரே ஊருக்கு அனுப்பினால், அதே உணவைத் தின்று குழாய்களுக்குள் பாக்டீரியா பெருகும். புரோமைடு உள்ள நீரென்றால் ஓசோனால் புரோமேட் உருவாகும் அபாயமும் உண்டு. அதற்காக அளவு பார்த்தே ஓசோனைச் செலுத்த வேண்டும்.

புதுக்கரி நிரப்பிய படுகையில் பாக்டீரியா நிலைகொள்ள வாரங்கள், சிலசமயம் மாதங்கள் ஆகும். குளிர்காலத்தில் ஆறு சில்லிட்டால் அவற்றின் பசியும் மந்தமாகிவிடும்.