பையில் கனக்காத கத்தி

பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவ்வாயில் கோடரியும் அரிவாளும் அடித்துக் கொடுத்துப் பிழைத்தது ஒப்பினெல் குடும்பம். 1890-ல் அந்தப் பட்டறையில் ஒரு மடக்குக் கத்தி பிறந்தது. செய்தவர் ஜோசப் ஒப்பினெல். அப்போது அவருக்கு 18 வயது. ரொட்டி நறுக்க, பாலாடைக்கட்டி அறுக்க, குச்சி சீவ என்று மலை உழவர்கள் அதைப் பையில் போட்டுக்கொண்டார்கள். அதே வடிவம் இன்றும் விற்கிறது.

1897-ல் 1 முதல் 12 வரை எண்ணிட்டு அளவுகள் வந்தன. இன்று நன்றாக விற்பது 8-ம் எண். அலகின் நீளம் 8.5 சென்டிமீட்டர்; எடை சுமார் 45 கிராம், ஒரு கோழிமுட்டை அளவுகூட இல்லை.

கத்தி வாங்குகிறவர்கள் எஃகு என்ன ரகம், பூட்டு எப்படி என்றுதான் முதலில் அலசுகிறார்கள். தினமும் கூடவே இருக்க வேண்டிய கத்திக்கு முதலில் பார்க்க வேண்டியது எடையை. 150 கிராம் இருந்தால் சட்டைப் பை தொங்கிப்போகும். ஒரே வாரத்தில் அது மேஜை இழுப்பறைக்குள் போய்விடும். தேவைப்படும் நேரத்தில் கையில் இல்லாத கத்தி எவ்வளவு உசத்தியாக இருந்து என்ன பயன்?

8-ம் எண் இலேசாக இருப்பதற்குக் காரணம் அதன் கட்டுமானம். பல மடக்குக் கத்திகளில் பிடிக்குள் இரும்புத் தகடுகளும் வில்லும் இருக்கும். இதில் அவை இல்லை. பீச் மரப் பிடியில் ஒரு பிளவு, அதில் அலகு, ஓர் ஆணி, ஓர் உலோகப் பட்டை, அதன்மேல் திருகும் வளையம். அவ்வளவுதான். அந்த வளையத்தை 1955-ல் சேர்த்தவர் மார்செல் ஒப்பினெல். அலகை விரித்து வளையத்தைத் திருப்பிவிட்டால், அழுத்தி அறுக்கும்போது விரல்மேல் மடங்காது.

மரத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. மழையில் நனைந்தால் பிடி ஊதி, அலகைக் கவ்விக்கொள்ளும். நகத்தால் நெம்பினாலும் வராது. சவ்வாய்க்காரர்கள் வளையத்தைத் திறந்து வைத்து, பிடியின் பின்முனையை மேஜை விளிம்பில் ‘டொக்’ என்று தட்டுவார்கள். அலகு கொஞ்சம் தலை நீட்டும், பிடித்து இழுத்துக்கொள்ளலாம்.

எஃகில் இரண்டு ரகம். கார்பன் எஃகு எளிதில் கூர் ஏறும். ஆனால் எலுமிச்சை அறுத்துவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறுக்கும், ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். பழம் நறுக்கவும் பார்சல் பிரிக்கவும் என்றால் துருப்பிடிக்காத எஃகே நல்லது. கடலோர ஊர்க்காரர்களுக்கு இதில் யோசிக்கவே வேண்டாம்.

வாங்குமுன் ஊர்ச் சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். பிரிட்டனில் காரணம் சொல்லாமல் கொண்டுபோகக்கூடிய மடக்குக் கத்திக்கு அலகு 3 அங்குலத்துக்குமேல் போகக்கூடாது. விரித்தபின் பூட்டிக்கொள்ளவும் கூடாது. 8-ம் எண் இரண்டிலுமே தவறிவிடும். வளையம் இல்லாத, சுமார் 6 சென்டிமீட்டர் அலகுள்ள 5-ம் எண்ணுக்கு அங்கே தடை இல்லை. விமானத்தில் 8-ம் எண் கைப்பையில் போகாது; கவுண்டரில் ஒப்படைக்கும் பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும்.