பாலம் வந்தது, லொறியில் ஏற்ற என்ன இருக்கிறது?

கேரதீவில் 'பாதை' ஓடிய காலத்தை அப்பா அடிக்கடி சொல்லுவார். இளையவர்களுக்காக: பாதை என்றால் தெரு அல்ல, வாகனத்தையும் சனத்தையும் ஏற்றிக் கடல்நீரேரியைக் கடக்கும் மிதவை. போரில் அது நின்றுபோனது. 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளமான சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் வவுனியாவைச் சுற்றாமல் பூநகரி ஊடாகவே மன்னாருக்குப் போகிறோம். 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி யாழ்ப்பாணம் வந்தது. 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது.

வீதி வந்தால் வளமும் வரும் என்று நம்பினோம். நாட்டின் மொத்த உற்பத்தியில் வட மாகாணத்தின் பங்கோ இன்னமும் ஏறத்தாழ ஐந்து வீதந்தான்.

ஏன்? எங்கள் ஊரில் லொறி வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டேன். "வரேக்கை நிறைய வருது பிள்ளை. போகேக்கை பாதி லொறி காத்துத்தான்" என்றார்.

விசயம் அதற்குள்தான் இருக்கிறது. வீதி போக்குவரத்துச் செலவைக் குறைக்கிறது, ஆனால் இரண்டு பக்கத்தாருக்கும் குறைக்கிறது. ஆலையும் முதலும் உள்ளவர் முதலில் பயனடைகிறார். தம்புள்ளை மரக்கறியும் கொழும்பு பிஸ்கற்றும் சுலபமாக வந்திறங்கின. லீசிங் கொம்பனிகளும் நுண்கடன்காரரும் அதே வீதியால்தான் வந்தார்கள். தவணை கட்ட வழியில்லாமல் எத்தனையோ பெண்கள் திணறினார்கள். கடைசியில் 2018 இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று.

இது எங்களுக்குப் புதிதும் அல்ல. 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வடக்கின் வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போயின. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் அந்த விலை விழுந்தது. யாழ்தேவி இரண்டு காலத்திலும் ஓடியது. தண்டவாளம் மாறவில்லை, கொள்கைதான் மாறியது.

எதியோப்பியாவைப் பாருங்கள். சீனக் கடனில் அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூட்டித் துறைமுகத்துக்கு 2016 இல் ரயில் பாதை திறந்தார்கள். நாடு விற்பதைவிட வாங்குவது பல மடங்கு. கடனைக் கட்ட முடியாமல் 2018 இல் தவணைக்காலத்தை 30 ஆண்டுகளாக நீட்டிக்கொண்டார்கள். எங்கள் வீதிகளும் தண்டவாளமும் சீனாவினதும் இந்தியாவினதும் கடனில் வந்தவை. 2022 இல் நாடே கடன் கட்ட முடியாமல் நின்றபோது வரிசையில் நின்றவர்களில் நாங்களும் இருந்தோம்.

எனக்குப் பாலம் வேண்டாம் என்றில்லை. நோயாளியை மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் குடும்பத்துக்கு அதன் பெறுமதி தெரியும். ஆனால் பாலத்தோடு சேர்ந்து வந்திருக்க வேண்டியவை வரவில்லை: விளைச்சலைக் கெடாமல் வைக்கக் குளிர்க் களஞ்சியம், மீனைப் பதப்படுத்த ஆலை, கட்டக்கூடிய வட்டியில் கடன். வலிகாமம் வடக்கின் செம்மண்ணில் ஒரு பகுதி இன்னும் படையினரிடம். தோட்டம் செய்ய நிலமில்லாதவர் லொறியில் எதை ஏற்றுவார்?

காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியில் மீண்டும் ரயில் போனது. ஒருகாலத்தில் அந்தப் பாதையால் சீமெந்து தெற்குக்குப் போனது. 1950 இல் தொடங்கிய அந்த ஆலை 1990 இலிருந்து மூடிக் கிடக்கிறது. அதை அப்படியே திறக்கச் சொல்லவும் மனம் வரவில்லை. சுண்ணக்கல் அகழ்ந்தால் கிணறுகளில் உப்பேறும் என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்த இடத்தில் வேறெதுவும் வரவில்லை. போருக்குப்பின் நாங்கள் கட்டிய வீடுகளுக்குச் சீமெந்து தெற்கிலிருந்து ஏ9 ஆல் வந்தது.