பிள்ளை எப்படிப் போய் வரும்?



கல்வி உதவித்தொகை கேட்டு நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் பெற்றோர், கல்லூரிக் கட்டணத்தைக் கணக்காகச் சொல்கிறார்கள். "பிள்ளை எப்படிப் போய் வரும்?" என்று கேட்டால் பலரும் தயங்குகிறார்கள். கட்டணத்துக்கு வழி பிறந்த பிறகும் இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் பெண்பிள்ளைகளின் படிப்பு நின்றுபோவதுண்டு. ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே போய்வரும் வழியையும் முடிவு செய்துவிடுவது நல்லது.

களியக்காவிளை எல்லையூர். நமக்கு ஒருபுறம் மரியகிரி, மார்த்தாண்டம், நாகர்கோவில் கல்லூரிகள். மறுபுறம் சுமார் 30 கி.மீ. தூரத்தில் திருவனந்தபுரம். நம் மாவட்டக் கல்லூரிகள் பல இணைந்துள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் திருநெல்வேலி அருகே அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. அங்கே சேருவோர் நாள்தோறும் போய்வர முடியாது. விடுதியைத்தான் பார்க்க வேண்டும்.

மார்த்தாண்டம் பக்கம் செல்வோருக்குப் பேருந்தே எளிது. தமிழக அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாணவியருக்கு மட்டுமல்ல, கல்லூரியில் வேலை செய்யும் ஆசிரியைகளுக்கும் அலுவலகப் பெண்களுக்கும் இது பொருந்தும். கேரள அரசுப் பேருந்தில் இந்தச் சலுகை கிடையாது.

திருவனந்தபுரம் செல்வோர் ரயிலையும் யோசிக்க வேண்டும். நமக்குப் பாறசாலை நிலையம் பக்கம். பட்டப்படிப்பு வரை படிக்கும் மாணவியருக்கு, வீட்டிலிருந்து கல்லூரிக்குச் சென்றுவர இரண்டாம் வகுப்பு மாதாந்திர சீசன் டிக்கெட் இலவசம். ஆண்பிள்ளைகளுக்கு இது பன்னிரண்டாம் வகுப்பு வரை உண்டு. மதரஸா மாணவருக்கும் சேரும். கல்லூரி முதல்வர் கையொப்பமிட்ட படிவத்தை நிலையத்தில் கொடுத்து வாங்க வேண்டும். ஆசிரியர்களும் அலுவலர்களும் பணம் கொடுத்து எடுக்கும் சீசன் டிக்கெட்கூட, தினமும் டிக்கெட் எடுப்பதைவிட மிகக் குறைவு.

"பைக் வாங்கிக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது" என்று நினைக்கும் வாப்பாமார்களுக்கு ஒரு வார்த்தை. முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளைக்குப் பலபோது 17 வயதுதான். கியர் உள்ள பைக் ஓட்ட 18 நிறைய வேண்டும். வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. நெரிசல் மிகுந்த நம் தேசிய நெடுஞ்சாலையில் உயிருக்குள்ள ஆபத்து இதைவிடப் பெரிது. வயது வந்த பிள்ளையானாலும், பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

கட்டணம் குறைவு என்பதை மட்டும் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சேர்க்கைக்கு முன் ஒரு வேலைநாளில், வகுப்பு நேரத்துக்கே பிள்ளையோடு ஒருமுறை போய்வாருங்கள். வீட்டிலிருந்து நிறுத்தம் வரை எவ்வளவு நேரம், எவ்வளவு காத்திருப்பு, இறங்கிய பின் எவ்வளவு நடை என்று குறித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, சிறப்பு வகுப்பு முடிந்து தாமதமானால் திரும்பி வர அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள். அந்த ஒரு நாள் அலைச்சல், பல உம்மாமார்களின் மூன்றாண்டுக் கவலையைக் குறைக்கும்.

சலுகைப் படிவங்கள் நிரப்ப உதவி தேவைப்படுவோர் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். நம் பிள்ளைகளின் பயணத்தையும் படிப்பையும் அல்லாஹ் எளிதாக்கித் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்