காமன் பொட்டலும் கலையரங்கும்

தப்புப் பறையை அடிக்குமுன் தீயில் காய்ச்ச வேண்டும். மலையகத்துப் பனியில் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். சருகைக் கொளுத்தி, தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்று கேட்ட பிறகே தோளில் மாட்டுவார்கள். இலங்கைத் தோட்டங்களில் விடியுமுன் லய வீடுகளை எழுப்பி, காலைப் பிரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, ஆள் சேர்த்தது இந்த ஓசைதான். திருவிழாவுக்கும் அதே தப்பு, சாவுக்கும் அதே தப்பு.

1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலம் முதல் ஆள் சேர்க்க வந்த கங்காணியின் பேச்சை நம்பித் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து சனங்கள் கடல் கடந்தார்கள். மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடை. கொள்ளைநோயில் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். ஊரில் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் அவர்களோடு வந்தன. 1869இல் பரவிய இலைநோய் கோப்பியை அழித்து, தேயிலை வந்தபோது பாட்டிலும் கொழுந்து வந்தது, துரை வந்தார், கணக்கப்பிள்ளை வந்தார், நாள் முழுக்க உழைத்தும் அரைப்பேர் என்று பாதிக் கூலி போட்ட வயிற்றெரிச்சல் வந்தது. நேரில் கேட்க முடியாத கேள்வியைப் பெண்கள் பாட்டில் கேட்டார்கள். அந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்கித் தந்த சி. வி. வேலுப்பிள்ளைக்கு நாம் பட்ட கடன் பெரிது.

மாசி பிறந்தால் காமன் கூத்து. பொட்டலில் கம்பம் நட்டு, ரதி மன்மதன் கதையை இரவிரவாகப் பாடுவார்கள். காமன் எரிந்ததும் ரதி புலம்பும் இடத்தில் சுற்றி நிற்கும் பெண்களும் அழுவார்கள். சொந்தச் சாவுகளுக்கும் சேர்த்து அழுத அழுகை அது என்றே நினைக்கிறேன்.

தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தம் அந்தக் கூட்டத்தைப் பிரித்தது. ஒரே லயத்தில் பாடியவர்களில் பலர் ‘அழுகைக் கோச்சி’ என்ற ரயில் ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனார்கள்.

இன்று கூத்து அரங்கத்துக்குள் வந்துவிட்டது. 2023இல் மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனது நினைவுகூரப்பட்டபோது தப்பும் காமனும் மேடையேறின. இதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி ஒன்று உண்டு. சாதியின் பேரால் இழிவாகப் பார்க்கப்பட்ட தப்பை இன்று படித்த பிள்ளைகள், பெண்பிள்ளைகளும்கூட, நிமிர்ந்து நின்று அடிக்கிறார்கள். கட்டாயத்துக்கு அடித்த காலம் போய், விரும்பி அடிக்கிற காலம் வந்திருக்கிறது.

ஆனால், ஓர் இரவின் கூத்து மேடையில் கால்மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. கூடை சுமந்து சிரித்தபடி ஆடும் கொழுந்து நடனத்துக்கு எப்போதும் இடம் உண்டு. கங்காணியை வைத பாட்டுக்கும், வழியில் செத்த பிள்ளைக்கான ஒப்பாரிக்கும் இடம் கிடைப்பது அரிது. அவற்றை விட்டுவிட்டு இடப்பெயர்வின் இசை என்று எதைக் கொண்டாடுவது? தோட்டத்து இளையவர்கள் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போவதால், முழு இரவும் பாடத் தெரிந்த காமன் வாத்தியாருக்கு அடுத்த ஆள் கிடைப்பதும் கடினமாகிவருகிறது.

விழா எடுப்பவர்கள் ஒப்பாரிக்கும் நேரம் ஒதுக்குங்கள். ஓர் இரவையாவது தோட்டத்துப் பொட்டலிலேயே நடத்துங்கள். உங்கள் வீட்டில் பாடுகிற அப்பாயி, அம்மாயி இருந்தால் கைபேசியில் இன்றே பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்.