தலைமேல் ஓர் ஏரியல்



வெளியிலே சாதுவாய்க் கிடக்கும் ஒரு மெல்லிய கம்பி, மருத்துவமனையின் ஓர் அறைக்குள் நோயாளியின் தோலைச் சுட்டுவிடக்கூடும். அதன் காரணத்தை அறிந்துகொள்வது நம் கடமையாகும்.

நம் மூளை இடையறாது மின்னலைகளை எழுப்புகிறது. தலைத்தோலில் அவற்றின் அளவு ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கே. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலையைப் பதிவுசெய்து, 1929-இல் உலகிற்கு அறிவித்தார். அதுவே இன்று வலிப்பு நோயாளிகளுக்குச் செய்யப்படும் ஈ.ஈ.ஜி. சோதனை. தலையில் பசை தடவிச் சிறு உலோக வில்லைகளை ஒட்டி, கம்பிகளால் கருவியோடு இணைப்பர். அவ்வில்லைகளே மின்முனைகள். இச்சோதனையில் வலி இல்லை.

எம்.ஆர்.ஐ. கருவியின் இயல்பு வேறு. பல கருவிகளில் காந்தத்தின் வலிமை 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப்போல் 30,000 மடங்குக்கும் மேல். படம் எடுக்காத வேளையிலும் அக்காந்தம் உறங்குவதில்லை. 2018-இல் மும்பை மருத்துவமனை ஒன்றில், ஆக்சிஜன் உருளையுடன் அவ்வறைக்குள் சென்ற ஒருவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார்.

"மின்முனை வெள்ளியால் ஆனது, காந்தம் அதை இழுக்காதே" என்று நீங்கள் கேட்கலாம். இழுக்காது, ஆயினும் சுடும். எம்.ஆர்.ஐ. கருவி உடலுக்குள் வானொலி அலைகளையும் செலுத்துகிறது. 1.5 டெஸ்லா கருவியில் அவற்றின் அதிர்வெண் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ். முன்னாளில் வீட்டுக் கூரையில் கட்டிய ஏரியல் கம்பி வானொலி அலையைப் பற்றிக்கொண்டதன்றோ? அவ்வாறே தலைமேல் உள்ள கம்பியும் பற்றிக்கொள்கிறது. எழும் மின்னோட்டம், கம்பி தோலைத் தொடும் முனையிலே குவிந்து வெப்பமாகிறது. கம்பி வளையமாய்ச் சுருண்டிருந்தால் ஆபத்து இன்னும் மிகும்.

அப்படியாயின் இரண்டையும் சேர்த்துச் செய்வானேன்? வலிப்பலை எழும் நேரத்தை ஈ.ஈ.ஜி. காட்டும், அப்போது மூளையின் எப்பகுதி மாறுகிறது என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும். அறுவை மருத்துவத்திற்கு முன் இவ்விரண்டும் துணையாகலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இத்தகைய ஆய்வுகள் நடந்துள்ளன. இதற்கெனவே ஆக்கப்பட்ட மின்முனைகளில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடைகள் உண்டு. கம்பிகளைச் சுருட்டாமல் நேராக அமைத்து, வெறுந்தோலில் படாதவாறு பஞ்சணை வைப்பர். தயாரிப்பாளர் அனுமதித்த பட முறைகளை மட்டுமே கையாள்வர்.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒருவருக்கு வலிப்பு கண்டால், 2010-இல் முண்டியம்பாக்கத்தில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அழைத்துச் செல்வது வழக்கம். பொதுவாக இரு சோதனைகளும் தனித்தனியே நடைபெறும். முதற்சோதனையின் மின்முனைகள் யாவும் அகற்றப்பட்டனவா என்று நீங்கள் கேட்க வேண்டும். நகை, தலை ஊசி, உடலுக்குள் வைத்த கருவி ஆகியவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உள்ளே சூடு தோன்றினால், கையில் கொடுத்த அழைப்புக் குமிழை உடனே அழுத்துமாறு நோயாளிக்குச் சொல்லுங்கள். மயங்கிக் கிடப்பவரும் பச்சைக் குழந்தையும் "சுடுகிறது" என்று சொல்ல மாட்டார். அவர்களுக்காகப் பேச வேண்டிய வாய் உங்களுடையது.

கேட்கத் தயங்காதீர்கள். படித்த பிள்ளை கேட்கும் ஒரு கேள்வி, ஓர் உயிருக்குக் காப்பாகும்.